ஐந்து கோழிக்குப் பதினாறு நாள்

டத்தோ கிராமாட்டில் மூன்று மாடிக் கடைவீடு இரண்டு, நான் கட்டியது. நிபோங் திபாலில் அரிசி ஆலை, நான் கட்டியது. ஆயர் ஈத்தாம் மார்க்கெட்டுக்குப் பின்னால் மசாலா அரைக்கும் கொட்டகை, அதில் ஓடும் நாலு மிஷின், அந்த மிஷினுக்குக் கீழே இருக்கும் சிமெண்டுத் தளம் வரைக்கும் நான் வெயிலில் நின்று போட வைத்தது. ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளிக்கிழங்கு மாவில் ரொட்டி சுட்டு விற்றேன். சண்டை முடிந்த அன்றைக்கு அவன் அச்சடித்த நோட்டெல்லாம் அடுப்பெரிக்கத்தான் ஆனது. மறுபடி ஒரு தள்ளுவண்டியிலிருந்து ஆரம்பித்தேன். வாப்பா வைத்துவிட்டுப் போன சொத்து என்று யாராவது சொன்னால் வாயில் ஒன்று போடுங்கள். வாப்பாவின் கிடங்கு பாதி குண்டில் போனது, மீதி என் அண்ணனின் படிப்பில் போனது. எனக்கு வந்தது கிடங்குச் சாவி மட்டும். கதவே இல்லாத கிடங்கின் சாவி.

நான் மூன்றாம் வகுப்பு முடிக்காதவன். இங்கிலீஷில் என் பேரை மட்டும் எழுதுவேன். தமிழைச் சாமான் கட்டி வந்த பத்திரிகைத் தாளில் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டேன். அதனால் இதில் பிழை இருக்கும். பொய் இருக்காது.

அசர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் சுவரோரப் பெஞ்சில் உட்காரும் என் வயசுக்காரர்களே, உங்களுக்குத்தான் எழுதுகிறேன். நாம் ஆறு பேர்தான் மிச்சம். போன வருஷம் மவுத்தான என் மூத்த அண்ணனுக்கு, எங்கள் நானாவுக்கு, அவர் மகன் ஒரு நினைவு மலர் போடுகிறான். நீங்கள் ஐந்து பேரும் ஆளுக்கொரு பக்கம் புகழ்ந்து எழுதிக் கொடுத்துவிட்டீர்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அச்சுக்குப் போகும் முன்னால் நானா மகன் அந்தத் தாள்களை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனான். எழுத்துக்கூட்டிப் படித்தேன். பன்னிரண்டாம் பக்கத்தில் நின்றுவிட்டேன்.

‘பதினைந்து வயதிலேயே மலை ஓட்டல் மானேஜர் துரையிடம் ஆங்கிலத்தில் வாதாடி, நோயுற்ற தாயாரின் உயிரைக் காப்பாற்றிய தனயன்.’ இப்படிப் போட்டிருக்கிறது. அதே பக்கத்தில் நானும் வருகிறேன். ‘குறும்புக்காரத் தம்பி’ என்று. இரண்டு சொல். எனக்கு அவ்வளவுதான் இடம்.

நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த மலைக்கு நானும் போனேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயசு. கடைசியாகப் பிறந்த தங்கச்சி நாற்பது நாள் இருந்து இறந்துபோன பிறகு உம்மாவுக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் விடவில்லை. சாயங்காலம் ஆனால் உடம்பு கொதிக்கும். இருமினால் கட்டில் கால் தரையில் இடம் மாறும். நாட்டு மருந்து, ஊது பத்தி, ஓதி ஊதின தண்ணீர் எல்லாம் ஆயிற்று. கடைசியில் யாழ்ப்பாணத்து டாக்டர் ஒருவர் வந்து பார்த்தார். கீழே இருக்கும் வெக்கையில் இந்த நெஞ்சு தாங்காது, மலைக் குளிரில் மூன்று வாரம் முழுசாக இருந்தால் பிழைப்பாள், அதில் பாதி நாளில் இறக்கினால் நான் பொறுப்பில்லை என்று வாப்பாவிடம் சொன்னார். மூன்று வாரம். இருபத்தொரு நாள். அந்தக் கணக்கு எங்கள் வீட்டில் எல்லாருடைய வாயிலும் இருந்தது.

மலையில் நமக்கு ஏது இடம்? இருந்ததெல்லாம் கவர்மெண்டு துரைமார்களின் பங்களா, தவ்கே என்று சொல்லும் சீன முதலாளிகளின் பங்களா. அப்புறம் அந்த ஓட்டல். உச்சியில் இல்லை, உச்சியிலிருந்து கொஞ்சம் இறங்கி, இரண்டு முகட்டுக்கு நடுவே பள்ளத்தாக்கைப் பார்த்தபடி வெள்ளையாக நிற்கும். அங்கே நம் ஆள் போனால் வாசல் கூட்டத்தான் போகலாம். ஆனால் அது ரப்பர் விலை விழுந்த வருஷம். தோட்டத்துத் துரைமார்கள் கையை மடக்கிக்கொண்டு கீழேயே உட்கார்ந்துவிட்டார்கள். ஓட்டலில் பாதி அறை காலி. வாப்பா கப்பல்களுக்கு அரிசி, பருப்பு, முட்டை, உயிர்க்கோழி கொடுத்துக்கொண்டிருந்தார். கப்பல் கம்பெனியில் கணக்கெழுதும் கிராணி ஒருவர் சொல்லி, ஓட்டல்காரன் சம்மதித்துக் கடிதம் போட்டான்.

அந்தக் கடிதத்தை நானாதான் வாசித்தான். செத்துப்போனவரை அவன் இவன் என்று எழுதுகிறேன் என்று யாரும் கோபப்படவேண்டாம். நான் சொல்வது பதினைந்து வயசுப் பையனை. இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டு, வீட்டில் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பேசும் பையனை. வாப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. பாயில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே, வாசி என்றார். அவன் வாசித்துத் தமிழில் சொன்னான். பின்பக்கக் கட்டடத்தில் இரண்டு அறை. மூன்று வாரம். முன்வாசல் கூடாது, பக்கத்துப் பாதையில் வரவேண்டும்.

“அவ்வளவுதானா?” என்றார் வாப்பா.

“அவ்வளவுதான் வாப்பா.”

நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவன் கையில் இருந்தது இரண்டு தாள். இரண்டாவது தாளை முதல் தாளுக்கு அடியில் தள்ளி, எழுந்து போகும்போது தன் தடித்த அகராதிக்குள் செருகினான். எனக்கு இங்கிலீஷ் எழுத்துத் தெரியாது, ஆனால் இரண்டு வரைக்கும் எண்ணத் தெரியும்.

அந்த இரண்டாவது தாளில் என்ன இருந்தது என்று பிறகு தெரிந்தது. அறையில் சமைக்கக் கூடாது. உயிர்ப் பிராணி எதுவும் கொண்டுவரக் கூடாது. இதை வாசித்திருந்தால் வாப்பா போயிருக்கமாட்டார். ஓட்டல் கறி எப்படி அறுத்ததோ, எந்தச் சட்டியில் வெந்ததோ, நாம் தொடுவோமா? உம்மாவுக்காக மறைத்தான் என்று நானா மகன் சொல்லலாம். சொல்லட்டும். அவன் பள்ளிக்கூடத்துத் தவ்கே பிள்ளைகள் அந்த ஓட்டல் சாப்பாட்டு ஹாலைப் பற்றிப் பீற்றிக்கொண்டதை அவன் வாயாலேயே நான் கேட்டிருக்கிறேன்.

அதனால் என்ன ஆயிற்று? தாளில் எது கூடாது என்று இருந்ததோ, அதையெல்லாம் மூட்டை கட்டினோம். பித்தளை மண்ணெண்ணெய் அடுப்பு. அரைக்க அம்மி, அதை ஒரு கூலியாள் தனியாகச் சுமந்தான். ஒரு தகர டின் நிறையக் கருவாடு. எட்டுக் கோழி, மூங்கில் கூடையில், மேலே உம்மா இடுப்பில் உடுத்திய பழைய சாரத்தைக் கட்டி. கோழிக்குப் பொறுப்பு நான். கப்பலுக்குப் போகும் கோழிகளில் நோயில்லாததாகப் பார்த்து நான்தான் பொறுக்கினேன். ஒவ்வொன்றுக்கும் பேர் வைத்திருந்தேன்.

ஆயர் ஈத்தாம் வரை வாப்பாவின் சாமான் லாரியில் போனோம். அங்கிருந்து மலை ரயில். கம்பியைப் பிடித்து இழுக்க இழுக்க வண்டி ஏணி ஏறுகிற மாதிரி ஏறியது. பாதியில் வேறு வண்டிக்கு மாறவேண்டும். காது அடைத்தது. கூடையைக் காலுக்கு நடுவே வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். எதிரே உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரி கூடை பேசுவதைக் கேட்டுக் காலை மடக்கிக்கொண்டாள். நானா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான், எங்களைத் தெரியாதவன் மாதிரி. மேலே இறங்கியதும் உம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து இரண்டு பேர் தூக்கிக்கொண்டு பக்கத்துப் பாதையில் இறங்கினார்கள். பாதை நெடுகப் பாசியும் பெரணிச் செடியும். உம்மாவின் சால்வை நுனியில் தண்ணீர் முத்து முத்தாக நின்றது. மழை இல்லை, அது மேகம்.

அந்த அறையை மறக்கவில்லை. பலகைத் தரைக்கு மெழுகு போட்டிருந்தது, வெறுங்காலில் நடந்தால் வழுக்கும். துப்பட்டி கஞ்சி போட்டுக் காகிதம் மாதிரி விறைத்திருக்கும். ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கும் தாழ்வாரத்தில் ஒரு சீனன் வெண்கலத் தட்டை அடித்துக்கொண்டு போவான். குளியலறை உம்மாவின் அறையிலிருந்தே திறக்கும். உள்ளே நாலு சிங்கப் பாதத்தில் நிற்கும் வெள்ளை இரும்புத் தொட்டி. கூட வந்த உம்மாவின் தங்கை, எங்கள் சாச்சி, அதைச் சுற்றி வந்து பார்த்தாள்.

“இம்புட்டுப் பெரிய சட்டியில என்னத்தக் காச்சுவாங்க?”

குளிப்பதற்கு என்று நானா சொன்னான். தன் அழுக்கிலேயே தானே ஊறுவதற்கு இத்தனை செலவா என்று சாச்சி கேட்டாள். அதில் வைக்கோலைப் பரப்பிக் கோழிகளை விட்டு, மேலே ஓட்டல் கொசுவலையைக் கட்டினோம். தரையில் அடுப்பு. ஜன்னலைத் திறந்தால் நேர் கீழே பள்ளத்தாக்கு, அடி தெரியாது. புகை அதில் போய்விடும். வாப்பா முதல் நாள் ஒன்று, மூன்றாம் நாள் ஒன்று என்று சமையல்கட்டுக்குப் பின்னால் போய் அறுத்துக்கொண்டு வந்தார். மூன்றாம் நாள் காலையில் உம்மா தானாக எழுந்து உட்கார்ந்து, கஞ்சி சூடாக இருக்கா என்று கேட்டாள். ஒரு மாதமாக அவள் எதையும் கேட்டதில்லை.

ஓட்டலில் சாப்பாடும் சேர்த்துத்தான் அறை வாடகை. எங்களில் யாரும் போகவில்லை. வெண்கலத் தட்டு அடிக்கும்போதெல்லாம் நானாவைக் காணோம். நான் பின்னால் போனேன். ஹாலின் மூலை மேஜையில் வெள்ளைத் துண்டை மடியில் போட்டுக்கொண்டு, கத்தியும் முள்ளும் பிடித்து எதையோ அறுத்துக்கொண்டிருந்தான். அது என்ன கறி என்று கேட்டேன். முட்டை என்றான். முட்டையைக் கத்தியால் அப்படி அறுக்கவேண்டியதில்லை. வாப்பாவிடம் சொன்னால் தொலைத்துவிடுவேன் என்றான். நான் சொல்லவில்லை. அன்றைக்குச் சொல்லியிருக்கவேண்டும்.

நாலாம் நாள் மழை பிடித்தது. ஐந்தாம் நாள் காலை சாச்சி தண்ணீர் எடுக்கப் போனபோது கதவைச் சாத்தவில்லை. கருப்பி என்று நான் பேர் வைத்த பெட்டை வலைக்குள்ளிருந்து நழுவி, தாழ்வாரம் முழுக்க நடந்து, சாப்பாட்டு ஹாலுக்குள் போய், ஒரு துரையின் தட்டுக்குப் பக்கத்தில் ஏறி நின்றுவிட்டது. ஒரு வெள்ளைக்காரி சிரித்தாள் என்று சொன்னார்கள். மானேஜர் சிரிக்கவில்லை. கருப்பியை இறக்கையில் பிடித்துத் தூக்கிக்கொண்டு எங்கள் அறைக்கே வந்துவிட்டான். பெரிய சிவந்த கழுத்து. தொட்டியைப் பார்த்தான், அடுப்பைப் பார்த்தான், அம்மியைப் பார்த்தான். போய்த் தன் கடிதத்தின் நகலைக் கொண்டுவந்து, இரண்டாவது தாளைத் தட்டித் தட்டிக் கத்தினான். நானா தலையைக் குனிந்துகொண்டு தமிழில் சொன்னான். மழையில் மண் சரிந்து மலை ரயில் நின்றுவிட்டது. ஓடத் தொடங்கும் அன்று முதல் வண்டியில் நாம் இறங்கிவிடவேண்டும்.

உம்மா கட்டிலில் படுத்திருந்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

வாப்பா நானாவைப் பார்த்தார். “ரெண்டாவது காகிதமா? நீ எனக்கு வாசிக்கலியே.”

நானாவின் முகம் போன போக்கை நான் பார்த்தேன். அப்புறம் அவன் கை என் பக்கம் நீண்டது.

“இவன்தான் வாப்பா. அத எடுத்துப் பட்டம் செஞ்சுட்டான். நான் பாக்கிறதுக்கு முந்தியே.”

வாப்பா என்னை அறைந்தார். மானேஜர் பார்க்க, சாச்சி பார்க்க. இந்த இடது காதுதான். இன்றைக்கும் அந்தப் பக்கம் உட்கார்ந்து பேசினால் எனக்குச் சரியாகக் கேட்காது, உங்களுக்கே தெரியும். நீங்கள் அதை வைத்துச் சிரித்திருக்கிறீர்கள்.

அகராதியை எடுத்துக் கொட்டியிருந்தால் ஒரு நிமிஷத்தில் தீர்ந்திருக்கும். ஏன் செய்யவில்லை? நான் நல்லவன் என்பதற்காக இல்லை. வாப்பா அவனை அடித்து நொறுக்கினால் துரையிடம் கெஞ்சுவதற்கு யார் இருக்கிறார்கள்? இங்கிலீஷ் பேசும் வாய் எங்களிடம் அது ஒன்றுதான் இருந்தது. அந்த வாய் உடையக்கூடாது, உம்மாவுக்கு இன்னும் பதினாறு நாள் வேண்டும். ஒன்பது வயசில் இவ்வளவு கணக்குப் போட்டேன்.

அந்த வாய் என்ன செய்தது தெரியுமா? ஒன்றும் செய்யவில்லை. வாப்பா இரண்டு தடவை அவனைத் துரையிடம் அனுப்பினார். இரண்டு தடவையும் தாழ்வாரத்து மூலையில் போய் நின்றுவிட்டுத் திரும்பி, துரை முடியாது என்கிறார் என்று சொன்னான். நான் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். துரை இருந்த அறைக் கதவை அவன் தட்டவேயில்லை. இங்கிலீஷில் வாதாடினானாம். பன்னிரண்டாம் பக்கம் எழுதியவனே, வாதாடியது எந்தக் கதவோடு?

ஆறாம் நாளும் மழை. ரயில் ஓடாததால் மேலே எதுவும் வரவில்லை. நடைபாதையும் இரண்டு இடத்தில் சரிந்து கிடந்தது. ஓட்டலில் ஐஸ் தீர்ந்தது, இறைச்சி தீர்ந்தது. டின் மாட்டிறைச்சியைத் துரைமார்கள் தள்ளிவிட்டு எழுந்து போனார்கள். அன்று பார்த்து அங்கேயே தங்கியிருந்த ஏதோ பெரிய கம்பெனித் துரைக்கு விருந்து. மறுநாள் மத்தியானம் ரயில் ஓடும் என்று செய்தி வந்துவிட்டது. விருந்தோ அன்று ராத்திரி எட்டு மணிக்கு. அந்த மலை உச்சி முழுக்க உயிரோடு இருந்த கோழி ஆறு. ஆறும் எங்கள் தொட்டியில்.

மத்தியானம் ஓட்டல் குக் வந்தார். ஹைனான் சீனர், தோளில் துண்டு, ஒல்லியான ஆள். அவருக்குப் பின்னால் மானேஜர். குக்கின் மலாய் சந்தையில் பேசும் பாசார் மலாய், நமக்கும் அதே மலாய்தான். கோழியை விலைக்குக் கேட்டார். வாப்பா என்ன செய்தார் தெரியுமா? கையை மார்பில் வைத்துக் குனிந்து, விலை எதற்கு, துரைக்கு என் அன்பளிப்பு, ஆறையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். கப்பல்காரனிடம் ஒரு முட்டைக்கு மல்லுக்கு நிற்கிற மனுஷன். வெள்ளைக்காரனுக்கு மரியாதை செய்தால் அவன் மனம் இறங்குமாம். மானேஜர் தலையைக்கூட ஆட்டவில்லை. குக்கைப் பார்த்து, எடு என்று விரலைக் காட்டினான். அவ்வளவுதான். நாளை முதல் வண்டியில் இறங்கவேண்டும் என்ற உத்தரவு அப்படியேதான் இருந்தது.

நான் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாளைப் போட்டேன்.

வாப்பா கதவைத் தட்டினார். “கதவத் தொற. தொரை நிக்கிறாரு.”

“நிக்கட்டும்.”

என் வாழ்க்கையில் வாப்பாவுக்கு எதிராக நான் பேசிய முதல் வார்த்தை அது. அப்புறம் குக்கிடம் மலாயில் பேசினேன். ஆயாம், அதாவது கோழி, என்னுடையது. துரைக்கு வேண்டுமானால் பதினாறு நாள் கொடுக்கவேண்டும். என் உம்மா இங்கே பதினாறு நாள் இருப்பாள். குக் அதைத் துரைக்கு ஏதோ இங்கிலீஷில் சொன்னார். துரை கதவை உதைத்தான். பலகை தடித்தது, அசையவில்லை.

வலையை விலக்கி வெள்ளைச்சியைத் தூக்கினேன். எட்டில் நல்ல கனமான பெட்டை அது. ஜன்னலில் ஏறி, ஒன்று போகிறது என்று கதவுக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டு, வெளியே விட்டேன். அது இறக்கையை அடித்துக்கொண்டு மேகத்துக்குள் இறங்கியது. கொஞ்ச நேரம் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் இல்லை. எனக்கு அழுகை வந்தது, அது வேறு விஷயம்.

“இப்ப அஞ்சு இருக்கு. அஞ்சுக்கும் சேத்துப் பதினாறு நாளு. ஒரு நாளு கொறஞ்சாலும் எல்லாம் பள்ளத்துக்குப் போகும் லா.” குக்குக்குப் புரியும்படி இதையும் மலாயில்தான் கத்தினேன்.

வெளியே குக் மட்டும் வாய்விட்டுச் சிரித்தார். இந்தப் பொடியன் தவ்கே ஆவான் என்று மலாயில் சொன்னார். என்னைப் பற்றி அந்த மலையில் ஒருத்தர் சொன்ன நல்ல வார்த்தை அது ஒன்றுதான். சொன்னவர் சொந்தக்காரர் இல்லை. அப்புறம் துரையிடம் மணியைச் சொல்லி அவசரப்படுத்தினார். இறகு பறிக்கவே நேரம் வேண்டுமே.

வாய்ச்சொல் வேண்டாம், தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும் என்றேன். சமைப்பதற்குப் பின்பக்கக் கொட்டகை, அதையும் எழுதவேண்டும் என்றேன். மானேஜர் திட்டிக்கொண்டே எழுதினான். ஆனால் எனக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாதே. வாசிக்கத் தெரிந்தவன் ஒருத்தன்தான், அவன் ஒரு தடவை தாளை விழுங்கியவன். அதனால் கதவுக்குள்ளிருந்து கத்தினேன்.

“நானா, உம்மா தலைமேல கையை வச்சு வாசி. எனக்குக் கேக்கிற மாதிரி.”

நம் வீடுகளில் அது எப்படிப்பட்ட காரியம் என்று உங்களுக்குத் தெரியும். உம்மா தலையில் கை வைத்துப் பொய் சொல்ல யாருக்கும் நாக்கு வராது. மானேஜர் தாளைக் கொடுத்துவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டான். வாப்பா மன்னிப்புக் கேட்டபடி அவன் பின்னாலேயே தாழ்வாரத்துக்குப் போனார். சாச்சி அங்கே இல்லை. கட்டிலில் உம்மா, பக்கத்தில் நானா, கதவோரம் குக், கதவுக்கு இந்தப் பக்கம் நான். குக்குக்குத் தமிழ் தெரியாது.

நானா வாசித்தான். இருபத்தொன்றாம் நாள் வரை இருக்கலாம். கொட்டகையில் சமைத்துக்கொள்ளலாம். பதிலாக ஐந்து கோழி. முடித்ததும் உம்மாவின் குரல் கேட்டது, இருமலுக்கு நடுவே.

“கைய எடுக்காத. அந்தப் பழைய கடுதாசியில, ரெண்டாவது காகிதம் உன் கையிக்கு வந்துச்சா?”

நான் கதவில் என் நல்ல காதை வைத்திருந்தேன். பதில் இல்லை.

“சரி,” என்றாள் உம்மா. “இப்ப எடு.”

தாளைக் கதவுக்கு அடியில் தள்ளினார்கள். நான் வாங்கிப் பார்த்துவிட்டுத் தாழ்ப்பாளைத் திறந்தேன். அந்தத் தாளையும் பிறகு நானாதான் வைத்துக்கொண்டான்.

ஐந்து கோழியையும் வாப்பாதான் அறுத்தார். தொழும் திசையான கிப்லாவைப் பார்த்து, பிஸ்மி சொல்லி. அதையும் நான்தான் குக்கிடம் கேட்டு வாங்கினேன், என் கோழி எங்கள் முறையில்தான் சாகும் என்று. அந்த விருந்துக்கு வந்த அத்தனை துரைமார்களும் அன்றைக்கு ஹலால் சாப்பிட்டார்கள். மிச்சப் பதினாறு நாளும் எங்களுக்குக் கருவாடு. சாச்சி கொட்டகையில் கருவாடு பொரிக்கும் வாசனை பள்ளத்தாக்கு முழுக்க நின்றது. உம்மாவுக்குக் காய்ச்சல் விட்டது. பதினெட்டாம் நாள் நடந்து போய், கீழே துறைமுகத்தில் கப்பல்கள் நிற்பதைப் பார்த்தாள். அதற்குப் பிறகு இருபது வருஷத்துக்கு மேல் இருந்தாள். நானாவின் கல்யாணம் பார்த்தாள், நானா மகனைத் தூக்கித் தாலாட்டினாள்.

கீழே வந்த மறுவாரம் வாப்பா என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார். “இவன் ஒரு வெள்ளைக்காரன் முன்னால என்னைய வெளிய நிக்க வச்சவன். இவனுக்குப் படிப்பு எதுக்கு? கெடங்குல முட்டை எண்ணட்டும்.” பட்டம் செய்த குற்றமும் அதில் சேர்ந்தது. அவர் இதைச் சொன்னபோது உம்மா பக்கத்தில் உட்கார்ந்து சாரத்தின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தாள். கோழிக்கூடைக்கு மேலே கட்டிய அதே சாரம். அவள் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். ஊசியைக் குத்தி இழுத்தாள், குத்தி இழுத்தாள். மூத்தவனைக் காப்பாற்றினாள். படிக்கிற பிள்ளை, அவன் பேர் கெடக்கூடாது. அன்றிலிருந்து சாகும் வரைக்கும் என் தட்டில் மட்டும் பெரிய மீன் துண்டாக வைப்பாள். மீன் துண்டு பள்ளிக்கூடம் ஆகாது.

நானா படித்தான், லாயர் ஆபீசில் பெரிய கிராணி ஆனான், மேடையில் மாலை வாங்கினான். நான் முட்டை எண்ணினேன். என் கடைவீட்டைத் திறந்துவைக்க அவனைத்தான் கூப்பிட்டேன், எல்லாரும் அப்படித்தான் செய்யவேண்டும் என்றார்கள். அன்றைக்கும் மேடையில் அந்த மலைக் கதையைச் சொன்னான். நீங்கள் கை தட்டினீர்கள். நான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எந்தக் காதால் கேட்டேன் என்று யாரும் பார்க்கவில்லை.

இப்போது நானா மகனுக்குச் சொல்கிறேன். தம்பி, உன் வாப்பாவின் பழைய அகராதிக்குள் இரண்டு தாள் கிடைத்தது, இரண்டும் அந்த ஓட்டல் கடிதம் என்று பெருமையாகப் படம் எடுத்துப் பன்னிரண்டாம் பக்கத்துக்கு எதிரில் போட்டிருக்கிறாய். நீ இங்கிலீஷ் படித்தவன், எழுத்தை மட்டும் பார்த்திருக்கிறாய். நான் படிக்காதவன், தாளைப் பார்க்கிறேன்.

முதல் தாளில் மேலே இரண்டு என்று எண் போட்டிருக்கிறது. அந்த எண் எனக்குத் தெரியும். நாலாக மடித்த மடிப்புத் தவிர அதில் வேறு மடிப்பில்லை. பட்டம் செய்த தாளில் குச்சி குத்திய ஓட்டை இருக்கும், பசை இருக்கும். ஒன்றும் இல்லை. அதை அவன் கிழித்துப் போட்டிருக்கலாம், எரித்திருக்கலாம். இத்தனை வருஷம் ஏன் வைத்திருந்தான் என்று எனக்குத் தெரியாது. அதைப் பற்றி யோசிக்க எனக்கு இஷ்டமும் இல்லை.

அடுத்த தாள் மானேஜர் கையெழுத்துப் போட்டது. அதன் வலது மூலையில் கீழே பார். சின்னதாக மூன்று முனையோடு ஒரு ஓட்டை. பேனா அப்படி ஓட்டை போடாது, பூச்சி அப்படி அரிக்காது. கதவுக்கு அடியில் தாள் நுழைந்தபோது அது தவிடு என்று நினைத்து, வலை விலகித் தரைக்கு இறங்கியிருந்த கருப்பி கொத்திய கொத்து அது. நான் பிடுங்குவதற்குள் கொத்திவிட்டது. அந்தக் கொத்து விழுந்த இடம் கதவுக்கு உள்பக்கம். உள்ளே இருந்தது ஐந்து கோழியும் நானும். உன் வாப்பா வெளியே இருந்தான்.

குறும்புக்காரத் தம்பியை எடுத்துவிடு. அந்த ஓட்டை தெரியும்படி படத்தைப் பெரிதாக்கு. அதற்குக் கீழே, உம்மாவுக்குப் பதினாறு நாள் வாங்கிக் கொடுத்தவன் இவன் என்று என் முழுப்பேரைப் போடு, வாப்பா பேரையும் சேர்த்து. அச்சானதும் முதல் பிரதியை எனக்குக் கொண்டு வா. எழுத்துக்கூட்டி நானே வாசித்துப் பார்க்கவேண்டும்.